ஐந்து யூரோ கடல்

திராப்பானியில் இறங்கி உருட்டி வந்த பெட்டியின்
ஒரு சக்கரத்தைக் கல் பாவிய சந்து பிடுங்கிக்கொண்டது.
விடுதிப் பலகையில் இரண்டு நட்சத்திரம்.
ஒன்றில் விளக்கு எரியவில்லை.

கடவுச்சீட்டைப் புரட்டியபடி நின்ஃபா சொன்னாள்:
"கடல் தெரியும் அறைக்கு ஐந்து யூரோ கூட.
தெரியாத அறையிலும் தெரியும்,
குளியல் தொட்டி விளிம்பில் ஏறி நின்றால்.
விழுந்தால் நான் பொறுப்பில்லை."

தெரியாததை எடுத்துக்கொண்டேன்.

மின்தூக்கிக் கதவில் 'தற்காலிகமாக' என்றொரு காகிதம்,
பழுப்பேறி, மடிப்புகளில் கிழிந்து.
மூன்று மாடி.
படிகள் நடுவில் குழிந்திருந்தன,
கரண்டியால் அள்ளி எடுத்ததுபோல.

ஒரு கட்டில், ஒரு நாற்காலி,
பாதிவரை மட்டும் திறக்கிற ஜன்னல்.
கை நீட்டினால் தேவாலயத்தின் முதுகு.
முகப்பைப் பார்க்கத்தான் ஊர் ஊராய் வருகிறார்கள்.
எனக்கு வாய்த்தது புறா எச்சம்,
துருப்பிடித்த கொக்கி,
யாரோ சாயத்தில் எழுதிய கைபேசி எண்.

இரவு சிரோக்கோ வீசியது.
தலையணை, பல், தண்ணீர்க் குவளை
எல்லாவற்றிலும் ஆப்பிரிக்க மணல் நறநறத்தது.

அப்போதுதான் சுவர் எண்ணத் தொடங்கியது.
ஆண்குரல். ஒன்றிலிருந்து, மெதுவாக.
நாற்பதில் நின்றது.
ஒரு பெண்ணின் நீண்ட மூச்சு.
நெடுநேரம் எதுவுமில்லை.
மறுபடி ஒன்று, இரண்டு.

சுவரா அது?
பெரிய கூடமொன்றை இரண்டாக்க நிறுத்திய அட்டை.
கூரையில் தீட்டியிருந்த தேவதையின்
இறக்கை என் பக்கம்,
முகம் அவர்கள் பக்கம்.

பணம் எண்ணுகிறான் என்று நினைத்தேன்.
இந்த விடுதியில் யாரிடம் அவ்வளவு?
சுவரைத் தட்டக் கை ஓங்கிய நேரம்
அவள் ஒரு சொல் சொன்னாள்.
மொழி தெரியாது எனக்கு.
சொல் தெரிந்தது.

பிறகு நானும் எண்ணினேன்,
வாய்க்குள், தமிழில்.
ஐம்பதில் அவனும் நானும் சேர்ந்தே நின்றோம்.
இடைவெளியைக் கைக்கடிகாரத்தில் பார்த்தேன்.
ஏழு நிமிடம்.
ஆறு.
ஆறு.
நான்கு.
"கிளம்புங்கள்!" என்று அட்டையிடம் கத்தினேன்.

சந்துக்குள் ஆம்புலன்ஸ் நுழையாது.
என் அறை நாற்காலியில் அவளை உட்காரவைத்து
முன்கால்களை அவன், முதுகை நான்,
விளக்குப் பிடித்தபடி இரவு உடையில் நின்ஃபா,
"குழி, குழி, பார்த்து" என்று படிக்குப் படி வைதுகொண்டே.
லோரெதானா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில்
கடிகாரம் நின்றுபோனது.
சந்து திரும்பியதும் தேவாலய முகப்பு,
அதன்மேல் சுழலும் நீல விளக்கு.
யார் அதைப் பார்த்தார்கள்?

வண்டி போனபின் மூச்சு வாங்க நின்றேன்.
எதிரே விடியல் நிறத்தில் ஏதோ அசைந்துகொண்டிருந்தது.

காலையில் காபி ஊற்றும்போது நின்ஃபா சொன்னாள்:
மாரெத்திமோ தீவுக்காரர்கள். அங்கே பிரசவ வார்டு கிடையாது.
தேதிக்கு ஒரு வாரம் முன்பே கப்பலேறி வந்து
மலிவான அறையில் காத்திருப்பார்கள்.
பெண் குழந்தையாம். மூன்றே கால் கிலோ.
கஸ்பாரே தொலைபேசியில் எடையை மட்டும்
நான்கு முறை சொன்னானாம்.

மேலே போகையில் அவர்கள் கதவு திறந்திருந்தது.
எட்டிப் பார்த்தேன்.
ஈரத்தில் உதிர்ந்த தேவதை முகத்தில்
மிஞ்சியிருந்தது வாய் மட்டும்,
எந்த எண்ணிலோ நின்று.

கிளம்பும் நாள் கணக்குச் சீட்டில்
ஐந்து யூரோ கூட இருந்தது.
கேட்டேன்.
"அன்று விடிகாலை தெருமுனையில் நின்று
கடல் பார்த்தீர்களே."

கொடுத்தேன்.
அவசரத்தில் நாற்காலியும் ஆம்புலன்ஸில் ஏறிப் போயிருந்தது.
அதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.